மூன்று அழுகைக்காரி

ஒரு குழந்தை குறைவாக அழுதது என்பதற்காக ஒரு பெண்ணின் வயிறு எரியுமா? எரியும். அந்தச் சுகாதார நிலையத்தின் முதல் அறையில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்த நர்சம்மாவுக்கு எரிந்தது. சாதாரணமாக எரியவில்லை, கொழுந்துவிட்டு எரிந்தது.

அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘பூக்கை’ என்றுதான் சொல்வார்கள். பூ மாதிரிக் கை. வேலையில் சேர்ந்த புதிதில் ஏதோ ஒரு தாய் சந்தோஷத்தில் வைத்த பெயர் அது. அப்படியே ஒட்டிக்கொண்டது. கடைத்தெருவில் போனால், பேருந்தில் ஏறினால், “அதோ பூக்கை அக்கா, உனக்கு அவங்கதான் ஊசி போட்டாங்க” என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் தாய்மார்கள் காட்டுவார்கள். பிள்ளைகள் அம்மாவின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். அவளுக்கு உள்ளே குளிரும்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பாதிச் சுவர் வரை பச்சை அடித்த அந்த அறையில், ஜன்னலை ஒட்டிய மேஜை, மேஜைமேல் ஐஸ் பெட்டி, பக்கத்தில் வெள்ளைத் தட்டு. ஜன்னலுக்கு வெளியே சைக்கிள்கள் நிற்கும். வந்த தாயை உட்காரவைத்து, குழந்தையின் ஒரு கையை அவள் அக்குளுக்குள் செருகி, இன்னொரு கையை அவளையே பிடிக்கச் சொல்வாள். குப்பியை உள்ளங்கையில் வைத்து உருட்டுவாள். ஒரு குழந்தைக்கு மூன்று ஊசி. எது குறைவாக வலிக்குமோ அது முதலில், எது எரியுமோ அது கடைசியில். இந்த வரிசையை அவள் ஒரு நாளும் மாற்றியதில்லை. எரியும் ஊசி ஏறியதும் குழந்தையின் நெற்றியில் ‘ஃபூ’ என்று ஊதுவாள். குழந்தை திகைத்துப்போய் அழுகையை மறந்துவிடும். மூன்று ஊசிக்கு மூன்று அழுகைதான், ஆனால் மூன்றும் சின்ன அழுகை. அதுதான் அவளுடைய கர்வம், அவளுடைய நகை, அவளுடைய எல்லாம்.

அந்த நகையை ஒருத்தி கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு போனாள்.

போனவள் திருடி இல்லை என்பதுதான் சோகம். ஐந்து நோய்களுக்கான மருந்து ஒரே குப்பியில் சேர்ந்து வருகிறது, அதைக் கையாளும் முறையைக் கற்றுக்கொள்ள ஒரு நர்சை அனுப்புங்கள் என்று மேலிடத்திலிருந்து சொன்னார்கள். போயிருக்க வேண்டியவள் பூக்கைதான். ஆனால் அதே நாளில்தான் அவளுடைய தங்கைக்கு வலி எடுத்தது. தாயில்லாத தங்கை. பூக்கை தலை பின்னிவிட்டு, சோறு ஊட்டி, பள்ளிக்கு அனுப்பி, கல்யாணமும் செய்துவைத்த தங்கை. பல வருஷம் காத்திருந்து வந்த கர்ப்பம் வேறு. பிரசவ அறையின் வாசலில் அக்கா உட்கார்ந்திருந்தபோது, புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த சின்னப் பெண் ஒருத்தி அவளுக்குப் பதிலாகப் பயிற்சிக்குப் போனாள். தங்கைக்கு ஆண் குழந்தை பிறந்தது. அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது அறை கிடைத்தது.

டாக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார். “இனிமே புதுசா ஊசி ஆரம்பிக்கிற குழந்தைங்க எல்லாம் ரெண்டாவது ரூம். ஏற்கனவே மூணு ஊசியா ஆரம்பிச்சவங்க, கையில இருக்கற மருந்து தீர்ற வரைக்கும் முதல் ரூம். தீர்ந்ததும் எல்லாரும் ஒண்ணுதான். நீங்களும் அடுத்த பயிற்சிக்குப் போயிடுங்க, சரியா?”

“சரிங்க டாக்டர்” என்றாள் பூக்கை. உதடு சொன்னது. மனசு சொல்லவில்லை.

இரண்டே வாரத்தில் தாழ்வாரத்துப் பெஞ்சில் பேச்சு மாறிவிட்டது. கதவு திறந்தே இருந்ததால் ஒவ்வொரு சொல்லும் அவள் காதில் வந்து விழுந்தது.

“உனக்கு எந்த ரூம்மா?”

“முதல் ரூமாம்.”

“ஐயோ பாவம்! அங்க மூணு தடவை குத்துவாங்க. ரெண்டாவது ரூம் பொண்ணு இருக்கே, என்ன கைராசிங்கற! என் பொண்ணு ஒரே ஒரு தடவை வீல்னா, அவ்வளவுதான். ஒத்தை அழுகைக்காரின்னுதான் நாங்க சொல்றது.”

“அப்போ இவங்களை?”

“மூணு அழுகைக்காரி!”

எல்லோரும் சிரித்தார்கள். பூக்கையின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. ஒரு ஊசியில் ஐந்து மருந்தும் இருப்பதால் குழந்தை ஒரு தடவை அழுகிறது. அது குப்பியின் குணம். அதைப்போய் அந்தப் பெண்ணின் கைராசி என்கிறார்களே! எழுந்துபோய்க் கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் என்ன சொல்வார்கள்? பொறாமை என்பார்கள்.

டோக்கன் கொடுக்கும் பெரியவர் வேறு எரிகிற நெருப்பில் விறகு போட்டார். எதிலும் சிலேடை பேசாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. “அக்காவோடது முத்தடுப்பு, சின்ன நர்சோடது ஐந்தடுப்பு! மூணு அடுப்பு பெருசா, அஞ்சு அடுப்பு பெருசா? எங்க வீட்ல இருக்கற ஒரு அடுப்பே சரியா எரிய மாட்டேங்குது!”

பூக்கை போடும் மூன்றில் ஒன்றுக்கு முத்தடுப்பு ஊசி என்று பெயர். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி என்று மூன்று நோய்களைத் தடுப்பது. எத்தனையோ ஆயிரம் முறை சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்பதையே அவள் மறந்துவிட்டாள். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்தால் அங்கேயும் நிம்மதி இல்லை. அவள் கணவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டே பேசுவார்.

“ஒரே ஊசியில அஞ்சு மருந்தாமே? நானும் மூணு வேளைச் சாப்பாட்டை ஒரே வேளையில சாப்பிட்டுடவா? உனக்கும் பாத்திரம் மிச்சம்.”

“உங்களுக்கு எல்லாம் விளையாட்டு. அந்தப் பொண்ணுக்கு சிரிஞ்சைச் சரியா பிடிக்கக்கூடத் தெரியாது. செருப்பு வேற ‘க்ரீச் க்ரீச்’னு...”

“செருப்புல என்னடி தப்பு?”

“நடக்கறப்ப சத்தம் வருது.”

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். “முத்தடுப்பு, ஐந்தடுப்பு எல்லாம் இருக்கட்டும். உன் வயித்துல எத்தனை அடுப்பு எரியுது?”

அவள் சோற்றுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்துவிட்டாள்.

ஊரே ‘மூணு அழுகைக்காரி’ என்று சொல்லட்டும், தாங்கிக்கொள்வாள். அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தங்கையின் குழந்தை! அவன் பிறந்ததிலிருந்து அந்தக் குட்டித் தொடையைப் பார்க்கும்போதெல்லாம், இதில் முதல் ஊசியை என் கையால்தான் போடுவேன் என்று நினைத்துக்கொள்வாள். புதுக் குழந்தைகள் இரண்டாவது அறைக்கு என்ற விதியைப் பற்றியெல்லாம் அவள் யோசிக்கவில்லை. பெரியம்மாவுக்கு ஏது விதி?

குழந்தைக்கு ஒன்றரை மாதம் ஆனது. தங்கை வீட்டுக்குப் போனாள் பூக்கை. இரண்டாம் மாடியில் சின்ன வீடு. கொடியில் காய்ந்துகொண்டிருந்த துணிகளை எடுத்து மடித்துக்கொண்டே, “செவ்வாய்க்கிழமை கொண்டு வந்துடுடி, கூட்டம் கம்மியா இருக்கும்” என்றாள்.

தங்கை கொஞ்சம் நெளிந்தாள். “அக்கா... தப்பா எடுத்துக்க மாட்டியே?”

“என்ன?”

“பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க... அந்த ஒத்தை அழுகைக்காரிகிட்ட போட்டா ஒரே ஊசிதானாம். இவன் கொஞ்சம் அழுதாலே எனக்கு உயிர் போகுதுக்கா. அவகிட்டயே போட்டுக்கட்டுமா? நீ பக்கத்துல நில்லேன்.”

வெட்டினால்கூட ரத்தம் வந்திருக்காது. தான் வளர்த்த பெண்! யாருக்காக அந்தப் பயிற்சியை விட்டாளோ அந்தப் பெண்! அவள் வாயிலேயே அந்தப் பட்டப்பெயர்! பூக்கை குழந்தையின் துணியை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள். பிறகு, யாரிடமோ பேசுவதுபோல், மிக மெதுவாக ஒன்றைச் சொன்னாள்.

“உன் இஷ்டம். நான் என் சர்வீஸ்ல ஒரு மருந்தை இன்னொரு மருந்தோட கலந்து போட்டதே இல்லடி.”

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. தனித்தனிக் குப்பியில் வரும் மருந்துகளை எந்த நர்சும் தன் கையால் ஒரே சிரிஞ்சில் கலக்கக் கூடாது. அது அவர்கள் படிக்கும் முதல் பாடம். ஆனால் அந்தப் புது மருந்தை யாரும் அறையில் கலக்கவில்லையே! தயாரிக்கும் இடத்திலேயே சேர்த்து, சேர்ந்த நிலையிலேயே எத்தனையோ குழந்தைகளிடம் பரிசோதித்துப் பார்த்து, தனித்தனியாகப் போட்டால் எவ்வளவு காக்குமோ அவ்வளவு காக்கிறது என்று தெரிந்த பிறகுதானே வந்திருக்கிறது! அது பூக்கைக்குத் தெரியாதா? தெரியும். உண்மையைச் சொல்லியே ஒருவரை ஏமாற்றலாம் என்பதை அன்றைக்கு அவள் பொறாமை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது.

தங்கையின் முகம் வெளுத்தது. “அப்போ... அவ கலந்துதான் போடறாளா? பிஞ்சு உடம்புக்கா அஞ்சு மருந்தையும் கலந்து?”

பூக்கை வாயைத் திறந்திருக்கலாம். ஒரே ஒரு ‘இல்லை’ போதும். அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள்.

“எனக்கு வேண்டாம்பா! நான் உன்கிட்டயே கொண்டு வர்றேன்” என்று தங்கை குழந்தையை இறுக அணைத்துக்கொண்டாள். அந்தக் கணத்தில் பூக்கையின் நெஞ்சுக்குள் தேன் வழிந்தது. அது விஷம் என்று அப்போது தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை தங்கை குழந்தையோடு வந்தாள். டாக்டரம்மா அசையவில்லை. “புதுக் குழந்தை, ரெண்டாவது ரூம். உங்க வீட்டுக் குழந்தைன்னு நான் எப்படி மாத்தறது? முதல் ரூம் மருந்து ஆரம்பிச்சவங்களுக்கே எண்ணித்தான் இருக்கு.” பூக்கை எவ்வளவோ கெஞ்சினாள். தங்கை இரண்டாவது அறையின் கதவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், குழந்தையை முந்தானையால் மூடினாள். “கொஞ்சம் பெருசாகட்டும்க்கா. அவசரம் ஒண்ணும் இல்லயே. அப்புறம் பாத்துக்கலாம்” என்று படியிறங்கிவிட்டாள்.

அடுத்த வாரம் சொல்லிப் புரியவைக்கலாம் என்று பூக்கை தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். அடுத்த வாரமும் அதையே நினைத்தாள்.

அதற்குள் அந்த வாக்கியம் கால் முளைத்துக் கிளம்பிவிட்டது. தங்கை பக்கத்து வீட்டில் சொன்னாள், பக்கத்து வீடு தண்ணீர்க் குழாயடியில் சொன்னது. “பூக்கை அக்காவே தங்கச்சி குழந்தைக்கு வேண்டாம்னுட்டாங்களாம். அஞ்சு மருந்தையும் ரூமுக்குள்ள வச்சுக் கலக்கறாங்களாம்.” சொந்தத் தங்கைக்கே சொல்லியிருக்கிறாள் என்றால் அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

இரண்டாவது அறையின் பெஞ்சு காலியாயிற்று.

முதல் நாள் அதைப் பார்த்தபோது பூக்கைக்கு எப்படி இருந்தது? மறைக்காமல் சொல்லிவிடுவோம், இனித்தது. அந்தக் காலிப் பெஞ்சைத் தாண்டித் தண்ணீர் குடிக்க இரண்டு தடவை போய்வந்தாள். தாகமே இல்லை. ஆனால் பெஞ்சைக் காலி செய்தவர்கள் முதல் அறைக்கு வரவில்லை. வீட்டுக்குப் போய்விட்டார்கள். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஊசி போடாத பிள்ளையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போன ஒரு தாயின் முதுகைப் பார்த்தபோது, அந்த இனிப்பு தொண்டையிலேயே நின்றது.

மத்தியானம் அந்தச் சின்னப் பெண் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா, ஒண்ணு கேட்கட்டுமா? நான் ஏதாவது தப்பாப் போடறேனா? நீங்க பெரியவங்க, பார்த்துச் சொல்லுங்களேன்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. கூட்டம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது” என்றாள் பூக்கை, ஜன்னல் வழியே சைக்கிள்களைப் பார்த்துக்கொண்டு. ‘க்ரீச் க்ரீச்’ என்று செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. அன்றைக்கு அந்தச் சத்தம் எரிச்சலாக இல்லை. அழுகிற மாதிரி இருந்தது.

குழந்தைக்கு இரண்டரை மாதம் ஆயிற்று. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து தங்கை வீட்டுப் படி ஏறிக்கொண்டிருந்தாள். முதல் மாடியில் ஒரு வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது.

இருமல். விடாமல், மூச்சு வாங்க இடம் கொடுக்காமல், அடுக்கடுக்காக இருமல். கடைசியில் காற்றை இழுக்கும்போது ஒரு நீண்ட கூவல். பூக்கையின் கால்கள் படியிலேயே நின்றுவிட்டன. கக்குவான்! பெரிய பிள்ளைகள் இருமி இருமிக் கண் சிவந்து எப்படியாவது தேறிவிடும். பால் குடிக்கும் குழந்தைக்கு வந்தால்? அவற்றுக்கு இருமக்கூடத் தெம்பு இருக்காது. மூச்சே நின்றுபோகும்.

மீதிப் படிகளை எப்படி ஏறினாள் என்று அவளுக்குத் தெரியாது.

“கீழ் வீட்ல யாருக்குடி இருமல்?”

“அவங்க பெரிய பையனுக்கு. ரெண்டு வாரமா இருமறான். பாவம், நம்ம குட்டின்னா அவனுக்கு உயிர். தினமும் வந்து கன்னத்தைக் கிள்ளிட்டுப் போவான்.”

“தினமுமா!” பூக்கை தலையில் கைவைத்துக்கொண்டாள். “கிளம்பு. முதல்ல இவனை டாக்டரம்மாகிட்ட காட்டுவோம். காலையில முதல் ஆளா ஊசி போட்டுடலாம். ரெண்டாவது ரூம்லதான்.”

“அங்கயா? மாட்டேன்.”

“கேளுடி. அது ரொம்ப நல்ல மருந்து. நிறையக் குழந்தைங்களுக்குப் போட்டுப் பார்த்துட்டுத்தான் குடுக்கறாங்க. ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல் வரும், போட்ட இடம் கொஞ்சம் வீங்கும், சிணுங்குவான். தனித்தனியா போட்டாலும் அதேதான் வரும். இவன் கையைச் சப்பறானே, அந்தக் கையில எத்தனை கிருமி இருக்கும் தெரியுமா? அத்தனையையும் சமாளிக்கற உடம்புடி இது. அஞ்சு மருந்து ஒரு பாரமே இல்ல.”

தங்கை அசையவில்லை. “இதெல்லாம் நீ வேலைக்காகச் சொல்றே. அங்க சம்பளம் வாங்கறவ வேற எப்படிச் சொல்லுவே? அன்னைக்குத் துணி மடிச்சுக்கிட்டே சொன்னியே, அதுதான் மனசுல இருந்து வந்தது. ‘நான் கலந்து போட்டதே இல்ல’ன்னு நீதானே சொன்னே?”

“சொன்னேன்.”

“பொய்யா?”

“பொய் இல்ல. ஆனா...” பூக்கை இழுத்தாள். அப்போதுதான், அந்த நொடியில்தான், டோக்கன்காரரின் சிலேடை அவள் காதில் கேட்டது. மூணு அடுப்பு! “ஆனா நான் இவ்வளவு வருஷமாப் போடற முத்தடுப்பு என்னடி? மூணு தடுப்பு! மூணு நோய்க்கான மருந்து ஒரே குப்பியில சேர்ந்து வர்றதுதானே அது! பேர்லயே இருக்கே! உனக்குச் சின்ன வயசுல அதைத்தான் போட்டாங்க. உன்னை மடியில வச்சுப் பிடிச்சுக்கிட்டவளே நான்தான். சேர்ந்து வர்ற மருந்தைத்தாண்டி நான் வாழ்நாள் பூராவும் போட்டுக்கிட்டிருக்கேன். அவளோடதுல இன்னும் ரெண்டு கூடச் சேர்ந்திருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம்.”

கீழிருந்து அந்த இருமல் மறுபடி கேட்டது. குழந்தை ஒன்றும் அறியாமல் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தான்.

தங்கை நேராகப் பார்த்தாள். “இவ்வளவு தெரிஞ்சவ அன்னைக்கு ஏன்க்கா அப்படிச் சொன்னே?”

வேலையில் சம்பாதித்த மரியாதை, அக்கா என்கிற உயரம் எல்லாவற்றையும் அந்தக் கேள்வி கீழே இறக்கிவைத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது.

“பொறாமைடி” என்றாள் பூக்கை. தரையில் உட்கார்ந்துவிட்டாள். “அந்தப் பொண்ணு மேல வயித்தெரிச்சல். ஊரே அவளைத் தூக்கி வச்சுக் கொண்டாடுது. நீயும் அவகிட்ட போறேன்னுட்டே. என்னால தாங்க முடியல. உன்னைப் பயமுறுத்தி என்கிட்ட இழுத்துக்கணும்னு... அவ கலக்கறாளான்னு நீ கேட்டப்போ, இல்லன்னு சொல்ல வாய் வரல. இவன் உயிர் சத்தியமாச் சொல்றேன், மருந்துல ஒரு குறையும் இல்ல. குறை என்கிட்டதான்.”

தங்கை குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து அவன் துணியைச் சரிசெய்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. கடைசியில் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இப்போ நம்பறேன்” என்றாள். “மருந்தைப் பத்தி நீ ஆயிரம் சொன்னே, ஏறல. இப்படி ஒண்ணை எந்த மனுஷியும் பொய்யாச் சொல்ல மாட்டா.” எழுந்தவள் வாசலில் நின்று திரும்பினாள். “நாளைக்கு அவ கையாலதான் போடணும். நீதான் மடியில வச்சுப் பிடிக்கணும். அதான் உனக்குத் தண்டனை.”

அன்று மாலையே டாக்டரம்மா குழந்தையின் மார்பில் கருவியை வைத்துப் பார்த்தார். சளியோ இருமலோ இல்லை. அந்தப் பையன் வந்துபோனதால், கக்குவான் தொற்றாமல் தடுக்க, எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு மருந்து எழுதிக்கொடுத்தார். காலையில் ஊசி போட்டே ஆக வேண்டும் என்றார். கீழ்வீட்டுப் பையனையும் உடனே அழைத்து வரச் சொன்னார்.

மறுநாள் இரண்டாவது அறைக்குள் பூக்கை முதல்முறையாகக் காலடி வைத்தாள். அங்கேயும் அதே பச்சைச் சுவர், அதே ஐஸ் பெட்டி. அந்தப் பெண் எழுந்து நின்றாள்.

“உன் பெஞ்சு காலியானதுக்கு நான்தான் காரணம்” என்றாள் பூக்கை.

“தெரியும்க்கா. டோக்கன் ஐயா சொன்னார்.” அந்தப் பெண்ணின் முகத்தில் சிரிப்பில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லவும் இல்லை. குப்பியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினாள். “குழந்தையைப் பிடிங்க.”

பூக்கை பிடித்தாள். ஒரு கையைத் தன் அக்குளுக்குள் செருகி, தொடையை அசையாமல் பற்றினாள். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று நினைத்தாள், முடியவில்லை. எப்படிப் போடுகிறாள் என்று பார்க்க வேண்டுமே! பார்த்தாள். நேராக, தயங்காமல், நன்றாகவே போட்டாள். பாழாய்ப்போன பொறாமைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு குறையும் கிடைக்கவில்லை.

குழந்தை வீலென்று கத்தினான். ஒரே அழுகைதான். ஆனால் அது நிற்கவில்லை. முகம் சிவந்து, உதடு நடுங்கி, நீண்டுகொண்டே போனது. அந்தப் பெண் கிலுகிலுப்பையை ஆட்டினாள், விரலைச் சொடுக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை.

பூக்கை குனிந்து அவன் நெற்றியில் ‘ஃபூ’ என்று ஊதினாள்.

அழுகை நின்றது. குழந்தை திகைத்துப்போய்ச் சுற்றுமுற்றும் பார்த்தான். பெரியம்மாவைப் பார்த்தான். உதடு பிதுங்கியது. தன்னை இறுக்கிப் பிடித்தவள் இவள்தான் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். எதிரே இருந்த அந்தச் சின்னப் பெண்ணைப் பார்த்து, பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்!

அந்தச் சிரிப்பையும் அவளே வாங்கிக்கொண்டாள். அணைந்துவிட்டன என்று நினைத்திருந்த அடுப்புகளில் ஒன்று பூக்கையின் வயிற்றில் குப்பென்று மறுபடி பற்றியது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, குழந்தையைத் தங்கையிடம் கொடுத்தாள். ஊசி போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் அவள் தாழ்வாரத்துக்கு வந்து நடுவில் நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க. இந்த ரூம்ல யாரும் எதையும் கலக்கல. கலந்தே வர்ற மருந்து. பரிசோதிச்சுப் பார்த்த மருந்து. என் தங்கச்சி பையனுக்கு இப்போ அதைத்தான் போட்டிருக்கு. முன்னாடி நான் வாய்விட்டது வயித்தெரிச்சல்ல. திரும்பிப் போனவங்க யாராவது தெரிஞ்சா சொல்லி அனுப்புங்க. நானே வீட்டுக்கு வந்து சொல்லவும் தயார்.”

பெஞ்சில் எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. ஒருத்தி மட்டும் பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தாள். “ஒத்தை அழுகைன்னாங்க, ஆனா தெருமுனை வரைக்கும் நீளமால்ல இருக்கு!”

“அதை நிறுத்தினது யாரு, பார்த்தியா?” என்றாள் மற்றவள். பூக்கைக்குக் கேட்டது. கேட்காததுபோல நடந்தாள். ஆனால் கேட்டது.

சாயங்காலம் தங்கை வீட்டில் குழந்தைக்கு உடம்பு சூடாக இருந்தது. தொடை லேசாகத் தடித்திருந்தது. சிணுங்கிக்கொண்டே இருந்தான். தங்கை அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

“அக்கா... சேர்த்துப் போட்டதாலயா?”

ஒரு சின்னப் பெருமூச்சு போதும், அந்தப் பெண்ணின் பெயர் மறுபடி தெருவில் உருளும். பூக்கைக்கு அது தெரியும். அந்த வாசல் திறந்துதான் கிடந்தது.

“இல்லடி. என் மூணு ஊசியைப் போட்டாலும் இந்தக் காய்ச்சல் வரும். உள்ள உடம்பு பாடம் படிக்குது. பாலைக் குடு, டாக்டரம்மா சொன்ன அளவுல காய்ச்சல் மருந்தைக் குடு. மணிக்கணக்கா நிக்காம அழுதாலோ, சூடு ஏறிக்கிட்டே போனாலோ உடனே தூக்கிட்டுப் போவோம். நான் இங்கதான் இருக்கேன்.”

அவனை வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள். ஒற்றை அழுகை அந்தச் சின்னப் பெண்ணுக்கு, சிரிப்பும் அவளுக்கு. இந்தக் காய்ச்சல் என்னுடையது, இதை யாரும் பங்கு கேட்க முடியாது என்று நினைத்தபோது பூக்கைக்கே சிரிப்பு வந்தது. கீழ்வீட்டு இருமல் கேட்டது, முன்னைவிடக் கொஞ்சம் குறைந்திருந்தது. குழந்தை அவள் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கத் தொடங்கினான்.

“முதல் ஊசிதான் ஆச்சு. இன்னும் ரெண்டு தடவை இருக்கே” என்றாள் தங்கை, வாசலில் சாய்ந்தபடி. “அதை யார்கிட்ட போடறது?”

“ரெண்டாவது ரூம்லதான்.”

“நீயும் பயிற்சிக்குப் போயிட்டு வந்துடுவியே, அப்புறமும் அவகிட்டயா?”

பூக்கை யோசித்தாள். உண்மையாகவே யோசித்தாள்.

“போடறது அவளே போடட்டும்” என்றாள். “ஆனா பிடிக்கறது நான். நெத்தியில ஊதறதும் நான். அதை மட்டும் அவளுக்கு யாராவது சொல்லிக் குடுத்தீங்க, அப்புறம் இருக்கு சேதி!”